கூலூம் விதிக் கணக்கு: சூத்திரம் ஒரு வரி, சறுக்கும் இடங்கள் பல

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலின் முதல் அலகு நிலை மின்னியல். அதில் மாணவர் சந்திக்கும் முதல் பெரிய சூத்திரம், இரு மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள விசையைச் சொல்லும் கூலூம் விதி. மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒருவருக்கு விடை பத்தாயிரம் மடங்கு குறைந்து வருகிறது, இன்னொருவருக்கு விசை எதிர்த் திசையில் போகிறது, மூன்றாமவர் 0.5 வர வேண்டிய இடத்தில் 0.7 எழுதுகிறார். மூவரும் பெருக்கல், வகுத்தலைச் சரியாகவே செய்திருப்பார்கள். அந்த விதி எதைப் பற்றிப் பேசுகிறது, எந்த நிபந்தனையில் பேசுகிறது என்பதில்தான் கோளாறு. குறிப்பாக, அதில் வரும் 'புள்ளி' என்ற சொல்லை ஏறக்குறைய எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

## முதலில் சொற்கள்

உலர்ந்த தலைமுடியில் பிளாஸ்டிக் சீப்பை நாலு முறை இழுத்தால் முடியிலிருந்து எலக்ட்ரான்கள் சீப்புக்குப் போகின்றன. சீப்பில் எலக்ட்ரான் மிகுதி, அதனால் எதிர்க்குறி மின்னூட்டம். முடியில் குறைவு, அதனால் நேர்க்குறி மின்னூட்டம். புதிதாக எதுவும் உருவாகவில்லை. இருந்தது இடம் மாறியது. இலங்கைப் பாடநூல்களில் மின்னூட்டத்தையே 'ஏற்றம்' என்பார்கள். பெயர்தான் வேறு, பொருள் ஒன்று.

மின்னூட்டத்தின் அலகு கூலூம். ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலூம். அப்படியானால் ஒரு கூலூம் சேர 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள் வேண்டும். இது எவ்வளவு பெரிய அளவு என்பது பிறகு தெரியவரும். கணக்குகளில் அதிகம் வருபவை மைக்ரோகூலூம் (10⁻⁶), நானோகூலூம் (10⁻⁹) ஆகியவைதான்.

புள்ளி மின்னூட்டம் என்றால் பருமனே இல்லாத பொருள் என்று அர்த்தமில்லை. இரு பொருள்களுக்கு இடையே உள்ள தொலைவோடு ஒப்பிட்டால் அவற்றின் பருமன் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது என்பதே அர்த்தம். 1 செ.மீ. ஆரமுள்ள இரு உலோக உருண்டைகள் 1 மீட்டர் இடைவெளியில் இருந்தால் அவை புள்ளிகள். அதே உருண்டைகளை மையத்துக்கு மையம் 3 செ.மீ. தொலைவில் கொண்டுவந்து வைத்தால் புள்ளிகள் அல்ல. பொருள் மாறவில்லை, தொலைவு மாறியது.

## விதி சொல்வது

மி₁, மி₂ என்பவை இரு புள்ளி மின்னூட்டங்கள், தொ என்பது அவற்றுக்கு இடையே உள்ள தொலைவு என்று வைத்துக்கொண்டால்:

விசை = மாறிலி × மி₁ × மி₂ ÷ தொ²

வெற்றிடத்தில் அந்த மாறிலியின் மதிப்பு 8.99 × 10⁹ நியூட்டன் மீட்டர்² / கூலூம்². காற்றிலும் கிட்டத்தட்ட அதேதான். கையால் போடும் கணக்குகளுக்கு 9 × 10⁹ என்று எடுத்துக்கொள்ளலாம். விசை இரு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோட்டின் வழியே செயல்படும். ஒத்த குறிகள் ஒன்றையொன்று விலக்கும், எதிரெதிர்க் குறிகள் ஈர்க்கும். மின்னூட்டங்கள் ஓய்வில் இருக்க வேண்டும். அவை ஓடத் தொடங்கினால் காந்த விசையும் சேர்ந்துகொள்ளும், அது வேறு பாடம்.

## மூன்று கோணங்கள்

தொலைவு இருபடியாகத்தான் வருகிறது என்று எப்படித் தெரியும்? இதை 1785இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அளந்து காட்டியவர் சார்லஸ் அகஸ்டின் கூலூம். தொழிலால் இராணுவப் பொறியாளர், கோட்டை கட்டியவர். கம்பியை முறுக்கினால் அது எவ்வளவு எதிர்க்கும் என்று ஆராய்ந்தவர். அந்த அறிவைத்தான் இங்கே பயன்படுத்தினார்.

கண்ணாடி உருளைக்குள் மெல்லிய வெள்ளிக் கம்பி ஒன்று தொங்குகிறது. அதன் அடியில் கிடையான ஊசி, ஊசியின் ஒரு முனையில் நெட்டி உருண்டை. பக்கத்தில் அசையாமல் நிறுத்திய இன்னொரு நெட்டி உருண்டை. இரண்டையும் தொடவைத்து மின்னூட்டினால் தொங்குவது விலகிப்போகும். போகப் போகக் கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் ஊசி நிற்கும். முறுக்கு எத்தனை பாகையோ அதற்கேற்ப விசை.

கூலூம் பதிவு செய்த அளவீடுகள் இவை:

1. முதலில் உருண்டைகள் 36 பாகை விலகி நின்றன. கம்பியின் முறுக்கும் 36 பாகை.
2. கம்பியின் மேல்முனையை 126 பாகை திருப்பி உருண்டையை நெருக்கியபோது இடைவெளி 18 பாகை ஆனது. மொத்த முறுக்கு 126 + 18 = 144 பாகை.
3. திருப்பலை 567 பாகை ஆக்கியபோது இடைவெளி 8.5 பாகை. மொத்த முறுக்கு 575.5 பாகை.

36இலிருந்து 18: தொலைவு பாதி, விசை 36இலிருந்து 144, சரியாக நான்கு மடங்கு. அடுத்த பாதி 9 பாகை, விசை 576 ஆக வேண்டும், அவருக்கு 575.5 விசைக்கு 8.5 பாகை கிடைத்தது. அரைப் பாகை பிசகு. ஒரு வெள்ளிக் கம்பியையும் நெட்டியையும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது பெரிய காரியம்தான்.

இன்னொரு செய்தி. இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் இதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த கோளங்களைக் கொண்டு இதே விதியைச் சோதித்திருந்தார். அடுக்கு 2இலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலக வாய்ப்பில்லை என்று கண்டார். கண்டதை அச்சிடவில்லை. அவருடைய குறிப்புகளை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1879இல் வெளியிட்டபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. விதிக்குப் பெயர் யாருடையது என்பதை, அச்சுக்குக் கொடுத்தது யார் என்பதே தீர்மானித்தது. 1971இல் அமெரிக்காவில் செய்த சோதனை, அந்த 2இல் விலகல் இருந்தாலும் அது 10⁻¹⁶ அளவைத் தாண்டாது என்று காட்டியது.

## ஒரு கணக்கு, படிப்படியாக

+2 மைக்ரோகூலூம், −3 மைக்ரோகூலூம். இடையே 30 செ.மீ. விசை எவ்வளவு?

1. அலகுகளை மாற்றுக. 2 × 10⁻⁶ கூலூம், 3 × 10⁻⁶ கூலூம், 0.3 மீட்டர். சென்டிமீட்டரை மாற்றாமல் 30 என்றே போட்டால், தொலைவு நூறு மடங்கு பிழை. அதை இருபடியாக்கும்போது விடை பத்தாயிரம் மடங்கு குறைந்துவிடும். தொடக்கத்தில் சொன்ன முதல் மாணவரின் கதை இதுதான்.

2. குறியைக் கழற்றி வைக்கவும். அளவைக் கணக்கிடும்போது −3 என்பதை 3 என்றே எடுங்கள். குறியோடு பெருக்கினால் −0.6 என்று வரும். பலர் அந்தக் கழித்தல் குறியை 'இடப்பக்கம்' என்று படித்துவிடுகிறார்கள். ஈர்ப்பு என்பது மட்டுமே அதன் பொருள். இடமா வலமா என்பது எந்த மின்னூட்டம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெக்டர் (அளவோடு திசையும் கொண்ட) வடிவச் சூத்திரத்தில் மட்டும் குறியை விட்டுவைக்கலாம், ஏனென்றால் அங்கே திசையைச் சொல்ல ஓரலகு வெக்டர் தனியாக இருக்கிறது.

3. பெருக்கி வகுக்கவும். 9 × 10⁹ × 2 × 10⁻⁶ × 3 × 10⁻⁶ = 0.054. தொலைவின் இருபடி 0.09. விசை 0.054 ÷ 0.09 = 0.6 நியூட்டன். ஏறக்குறைய 60 கிராம் எடை.

4. திசையைப் படம் வரைந்து முடிவு செய்யவும். எதிரெதிர்க் குறிகள், எனவே இரண்டும் ஒன்றையொன்று நோக்கி.

எந்த மின்னூட்டத்தின் மீது 0.6 நியூட்டன்? இரண்டின் மீதும். 3 மைக்ரோகூலூம் பெரியது என்பதால் அது அதிகமாக இழுக்கும், 2 குறைவாக இழுக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சூத்திரத்தில் இரண்டும் பெருக்கலில் நிற்கின்றன. இடம் மாற்றினாலும் விடை மாறாது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே உள்ளுக்குள்ளேயே இருக்கிறது.

## மூன்றாவது மின்னூட்டம் வந்தால்

கூலூம் விதி இரண்டு இரண்டாகத்தான் பேசும். மூன்று, நான்கு, நாற்பது இருந்தாலும் ஒவ்வொரு இணையையும் மற்றவை இல்லாததுபோல் தனியாகக் கணக்கிட்டுக் கடைசியில் வெக்டராகக் கூட்ட வேண்டும். மேற்பொருந்துதல் தத்துவம் என்பது இது. மூன்றாவது மின்னூட்டம் நடுவில் வந்து நின்றாலும் முதல் இரண்டுக்கு இடையே உள்ள விசை மாறாது.

ஒரு மூலையில் +1 மைக்ரோகூலூம். அதற்குக் கிழக்கே 30 செ.மீ. தள்ளி +3 மைக்ரோகூலூம், வடக்கே 30 செ.மீ. தள்ளி +4 மைக்ரோகூலூம். மூலையில் இருப்பதன் மீது எவ்வளவு விசை?

கிழக்கில் இருப்பது அதை மேற்கே தள்ளும்: 9 × 10⁹ × 3 × 10⁻¹² ÷ 0.09 = 0.3 நியூட்டன். வடக்கில் இருப்பது தெற்கே தள்ளும்: அதே வழியில் 0.4 நியூட்டன். இரண்டும் செங்குத்து. எனவே 0.09 + 0.16 = 0.25, வர்க்கமூலம் 0.5 நியூட்டன். திசை மேற்கிலிருந்து தெற்குப் பக்கமாக ஏறக்குறைய 53 பாகை. 0.3 + 0.4 = 0.7 என்று எழுதுபவர் இரு விசைகளும் ஒரே கோட்டில் இருப்பதாக நினைத்துவிட்டார். செங்கோணம் இல்லாத அமைப்புகளில் ஒவ்வொரு விசையையும் கிடை, செங்குத்துக் கூறுகளாகப் பிரித்துக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

## விசை சுழியாகும் இடம்

போட்டித் தேர்வுகள் விரும்பிக் கேட்கும் வகை இது. +4 மைக்ரோகூலூமும் +1 மைக்ரோகூலூமும் 30 செ.மீ. இடைவெளியில் உள்ளன. மூன்றாவது மின்னூட்டத்தை எங்கே வைத்தால் அதன் மீது நிகர விசை இருக்காது?

இருபடி இருப்பதால் மின்னூட்ட விகிதம் 4 : 1 என்றால் தொலைவு விகிதம் 2 : 1. ஆகவே பெரியதிலிருந்து 20 செ.மீ., சிறியதிலிருந்து 10 செ.மீ. சிறியதன் +1ஐ −1 ஆக்கினால்? இப்போது நடுவில் இரு விசைகளும் ஒரே பக்கம் தள்ளும், சமநிலைக்கு வழியில்லை. கோட்டை வெளியே நீட்டிச் சிறியதற்கு அப்பால் தேட வேண்டும். பெரியதிலிருந்து 60 செ.மீ., சிறியதிலிருந்து 30 செ.மீ. என்ற இடத்தில் அதே 2 : 1 கிடைக்கிறது.

மூன்றாவது மின்னூட்டத்தின் அளவையோ குறியையோ கேள்வி சொல்லவில்லை என்று சிலர் திகைப்பார்கள். அது சமன்பாட்டின் இரு பக்கமும் வந்து அடிபட்டுப் போகிறது. தேவையே இல்லை.

## நூலில் தொங்கும் உருண்டைகள்

விசையைக் கையால் அளக்க முடியாத இடத்தில் கணக்கைத் திருப்பிப் போடலாம். பென்சில் கரியை நன்றாகத் தேய்த்துப் பூசிய இரு தெர்மாக்கோல் உருண்டைகள், ஒவ்வொன்றும் 0.1 கிராம். ஒரே ஆணியிலிருந்து 30 செ.மீ. நூல்களில் தொங்குகின்றன. மின்னூட்டிய அளவுகோலால் இரண்டையும் தொட்டதும் அவை விலகி 6 செ.மீ. இடைவெளியில் நிற்கின்றன என்று கொள்வோம்.

ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. விலகியிருக்கிறது. நூல் 30 செ.மீ., ஆகவே சாய்வு ஏறக்குறைய பத்தில் ஒன்று. உருண்டையின் எடை 0.00098 நியூட்டன், அதில் பத்தில் ஒரு பங்கு, 9.8 × 10⁻⁵ நியூட்டன், விலக்கு விசை. இதைச் சூத்திரத்தில் வைத்து, இரண்டிலும் சம மின்னூட்டம் என்று எடுத்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 6.3 நானோகூலூம்.

எலக்ட்ரான் கணக்கில் இது ஏறத்தாழ 3,900 கோடி. பெரிய எண்போலத் தோன்றும். ஆனால் அந்த 0.1 கிராம் பொருளில் ஏற்கெனவே உள்ள எலக்ட்ரான்கள் 3 × 10²² அளவில் இருக்கும். அதாவது லட்சம் கோடிக்கு ஒன்று என்ற அளவுக்குச் சமநிலை குலைந்தாலே உருண்டை கண்ணுக்குத் தெரிய விலகி நிற்கிறது. (கடலோர ஊர்களில் ஈரப்பதம் மிகுந்த நாளில் இதைச் செய்து பார்த்தால் உருண்டைகள் கொஞ்ச நேரத்தில் தொங்கிவிடும். விதி பொய்யாகவில்லை, நூலின் மீதும் உருண்டையின் மீதும் படியும் ஈரத்தின் வழியே மின்னூட்டம் கசிகிறது. கூலூமே கசிவைத் தனியாக அளந்து ஒரு கட்டுரை எழுத நேர்ந்தது.)

## இடையில் நீர் இருந்தால்

மாறிலிக்குள் 'வெற்றிடத்தின் விடுதிறன்' என்ற அளவு ஒளிந்திருக்கிறது: 8.854 × 10⁻¹² என்ற எண். மாறிலி = 1 ÷ (4π × விடுதிறன்). வேறு ஊடகத்துக்குள் மூழ்கினால் விசையை அதன் ஒப்புமை விடுதிறனால் (வெற்றிடத்தின் விடுதிறனைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்) வகுக்க வேண்டும். அறை வெப்பநிலையில் நீருக்கு அது ஏறக்குறைய 80. காற்றில் 0.6 நியூட்டன் என்றால் தூய நீருக்குள் 0.0075 நியூட்டன்.

சாப்பாட்டு உப்பு நீரில் கரைவதற்கு இதுவே அடிப்படை. உப்புப் படிகத்தில் சோடியம், குளோரைடு அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) சுமார் 0.28 நானோமீட்டர் தொலைவில் உள்ளன. தனியாக ஓர் இணையை எடுத்தால் ஈர்ப்பு ஏறக்குறைய 2.9 × 10⁻⁹ நியூட்டன். நீர் மூலக்கூறுகள் இரு பக்கமும் சூழ்ந்துகொண்டதும் அந்தப் பிடி தளர்கிறது. ஒரு மூலக்கூறு நுழையும் அளவே உள்ள இடைவெளியில் 80 என்ற எண்ணை அப்படியே பயன்படுத்த முடியாது என்பதால் இங்கே எண்களைத் தோராயமாகவே எடுக்க வேண்டும்.

## ஒரு கூலூம் ஏன் கணக்கில் மட்டும் வருகிறது

1 கூலூம், 1 கூலூம், 1 மீட்டர் இடைவெளி. விசை 9 × 10⁹ நியூட்டன், அதாவது ஒன்பது லட்சம் டன் எடைக்குச் சமம். நிகர மின்னூட்டமாக ஒரு கூலூமை மேசை மீது வைத்திருக்க எவராலும் முடியாது.

மைக்ரோகூலூம்கூட அவ்வளவு சாது இல்லை. காற்றில் மின்புலம் மீட்டருக்கு ஏறக்குறைய 30 லட்சம் வோல்ட்டைத் தாண்டினால் காற்றே கடத்தியாகிப் பொறி பறக்கும். 1 செ.மீ. ஆரமுள்ள உருண்டையின் மேற்பரப்பில் இந்த எல்லை சுமார் 33 நானோகூலூமிலேயே வந்துவிடுகிறது. ஒரு மைக்ரோகூலூமைத் தாங்க 5.5 செ.மீ. ஆரம் வேண்டும், அதாவது 11 செ.மீ. விட்டமுள்ள பந்து. '2 மைக்ரோகூலூம் கொண்ட இரு சிறிய கோளங்கள் 10 செ.மீ. இடைவெளியில்' என்று வினாத்தாள்கள் அலட்டிக்கொள்ளாமல் எழுதுகின்றன. காற்றில் அப்படி ஓர் அமைப்பே சாத்தியமில்லை. மேலே போட்ட எங்கள் கணக்குகளும் இந்த வழக்கத்திலிருந்து தப்பவில்லை. நூல் உருண்டைக் கணக்கு மட்டுமே உண்மையில் செய்து பார்க்கக்கூடியது.

## உருண்டைகள் நெருங்கும்போது

இங்கேதான் 'புள்ளி' திரும்ப வருகிறது. மின்னூட்டம் சீராகப் பரவிய கோளம், வெளியே இருப்பவற்றுக்கு, மொத்த மின்னூட்டமும் மையத்தில் இருப்பதுபோலவே தெரியும். ஆகவே கோளங்கள் என்றால் மையத்துக்கு மையம் தொலைவை அளக்க வேண்டும், மேற்பரப்புக்கு மேற்பரப்பு அல்ல. ஆனால் 'சீராக' என்பது நிபந்தனை. உலோகத்தில் எலக்ட்ரான்கள் நகரும். அருகில் இன்னொரு மின்னூட்டம் வந்தால் அவை ஒரு பக்கம் ஒதுங்கும், சீர்மை போய்விடும், மைய அளவு பொருந்தாது.

இரு நேர்க்குறி உலோகக் கோளங்களை நெருக்கினால் ஒவ்வொன்றின் மின்னூட்டமும் மறு பக்கத்துக்கு விலகி ஓடும். பயனுறு தொலைவு கூடுகிறது. உண்மையான விலக்கு விசை சூத்திரம் சொல்வதைவிடக் குறைவு. எதிரெதிர்க் குறி என்றால் மின்னூட்டங்கள் நெருங்கிய பக்கம் குவியும். உண்மை ஈர்ப்பு சூத்திரத்தைவிட அதிகம்.

இரண்டும் ஒரே அளவுக் கோளங்களாக இருந்து, ஒன்றில் மின்னூட்டம் நிறைய, மற்றதில் மிகக் குறைவு என்றால் இன்னும் விநோதம். பெரிய மின்னூட்டம், சிறிய மின்னூட்டமுள்ள கோளத்தின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்தப் பக்கத்தில் எதிர்க்குறி தூண்டப்படுகிறது. தூரத்தில் இருந்தவரை விலக்கிக்கொண்டிருந்த அவை, போதுமான அளவு நெருங்கியதும் ஒன்றையொன்று ஈர்க்கத் தொடங்கும். இரண்டிலும் இருப்பது நேர்க்குறி மின்னூட்டமே. மையத்துக்கு மையம் அளந்து, இரு எண்களைப் பெருக்கி, 'ஒத்த குறி, எனவே விலக்கு' என்று எழுதுபவருக்கு இங்கே அளவும் தவறும், திசையும் தவறும்.